வெறியாட்டு வேண்டா

சங்க அகப்பாடல்களில் வெறியாட்டு என்றொரு துறை உண்டு. தலைவி காதல் நோயால் மெலிகிறாள், வளை கழல்கிறது, உணவு கசக்கிறது. காரணம் இன்னதென்று தாய் அறியாள். மகளை ஏதோ தெய்வம் அணங்கிற்று என்று அஞ்சி வேலனை அழைக்கிறாள். களம் இழைக்கப்படுகிறது, மறி அறுக்கப்படுகிறது, தினை தூவப்படுகிறது. வேலன் ஆடி முடித்து, "இது முருகனால் வந்த நோய்" என்கிறான். சூழ நின்றோர் தலையசைக்கின்றனர். தோழி ஒருத்தி மட்டும் உள்ளுக்குள் நகைக்கிறாள். அவளுக்கன்றோ உண்மை தெரியும்! அழைத்தவுடன் வந்து களத்தில் நின்ற முருகனையே அறியாமை உடையவன் என்று அவள் எள்ளுவதாக நற்றிணையின் 34ஆம் பாட்டு அமைந்துள்ளது. காதலையும் அணங்கையும் நகையையும் ஒரே பாட்டில் முடைந்து வைத்த மொழி நம் மொழி.

இத்துறை அண்மையில் நம் நினைவுக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. மைசூரில் வாழும் தமிழன்பர் சிலர் கூடிய நூலகக் குழு ஒன்றில் நாமும் அமர்ந்திருந்தோம். மதிப்பிற்குரிய பெரியவர் ஒருவர் ஏழு ஆங்கிலப் புதினங்களை மேசைமேல் அடுக்கினார். தம் பேத்தியின் புத்தகப் பையிலிருந்து கைப்பற்றியவை என்றார். அட்டைகளில் முழுமதி, ஓநாய், வெளிறிய முகத்து இளைஞன், கழுத்தோரம் ஒரு குருதித் துளி, அதனருகே குதியுயர்ந்த செருப்பு ஒன்று. "பேயோடு காதலாம்! அதிலும் சிரிப்பாம்! இவற்றைப் படிக்கும் பெண் எங்ஙனம் உருப்படுவாள்?" என்று அவர் கேட்டார். இத்தகைய நூல்களை நம் நூலகம் ஏற்றல் ஆகாது. பெற்றோர் தம் மக்களைத் தடுத்தல் வேண்டும் என்பது அவர் கொணர்ந்த தீர்மானம். பலரும் தலையசைத்தனர்.

"ஐயா, இவற்றுள் ஒன்றையேனும் தாங்கள் படித்தீர்களோ?" என்று நாம் வினவினோம். "முகர்ந்து பார்த்தாலே தெரியாதா?" என்றார். நாமோ மத்திய அரசு அலுவலகத்தில் இருபது ஆண்டுகளாகக் கோப்புகளோடு வாழ்பவர். கோப்பைத் திறவாமல் குறிப்பு எழுதினால் மேலதிகாரி அதனை முகத்தின் முன்னே திருப்பி வீசுவார். ஆகவே தீர்மானத்தை ஒரு திங்கள் ஒத்திவைக்குமாறு வேண்டி, ஏழு நூல்களையும் வீட்டிற்கு எடுத்து வந்து படித்தோம். இக்கட்டுரை அக்கோப்பின்மேல் நாம் எழுதும் குறிப்பு.

முதலில், அந்நூல்களில் இருப்பது என்ன? 2005இல் ஸ்டெபனி மேயர் என்னும் அமெரிக்கப் பெண்மணி எழுதிய 'ட்வைலைட்' பலரும் அறிந்தது. மழை ஓயாத சிற்றூர் ஒன்றிற்குப் புதிதாக வரும் மாணவி, உடன் பயிலும் இளைஞன் இரத்தக் காட்டேரி எனக் கண்டும் அவனையே விரும்புகிறாள். அதற்கு ஓராண்டு முன்பே மேரிஜானிஸ் டேவிட்சன் என்பார் இவ்வகையை நகைச்சுவையாக்கி 'அன்டெட் அண்ட் அன்வெட்' என்னும் புதினத்தை வெளியிட்டார். அதன் நாயகி விபத்தில் இறந்து காட்டேரியாக எழுகிறாள். எழுந்த பின்னும் அவளுக்குச் செருப்பின்மேல் உள்ள மோகம் இறக்கவில்லை! பேய்களின் அரசியாகும் பேறு வந்தும் அவள் கவலை காலணி பற்றியது. இவ்வகையில் பின்னர் எத்தனையோ நூல்கள் பெருகின. அச்சுறுத்த வேண்டிய பேயை அடுக்களைக்கும் கடைத்தெருவுக்கும் கொண்டுவந்து, அதன் பல்லைச் சிரிப்பினால் மழுக்கி, பின்பு அதனைக் காதலிக்கச் செய்வது இந்நூல்களின் உத்தி.

"இது மேனாட்டுக் குப்பை, தமிழ்ப் பண்பாட்டிற்கு அயலானது" என்பது பெரியவரின் முதற்குற்றச்சாட்டு. இதனை நாம் முற்றாக மறுக்கின்றோம்.

முருங்கை மரத்தில் தலைகீழாகத் தொங்கும் வேதாளத்தை அறியாத தமிழ்க் குழந்தை முன்னாளில் இருந்ததுண்டோ? அரசன் தோளில் ஏறிக்கொண்டு கதை சொல்லி, புதிர் போட்டு, விடை வந்தவுடன் மீண்டும் மரத்திற்கே பறந்துவிடும் குறும்புப் பேய் அது. பதினோராம் நூற்றாண்டில் காசுமீரத்துச் சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரத்தில் அக்கதைகள் இருபத்தைந்தும் உள்ளன. ஒரு பெண்ணைப் பலர் விரும்பினால் அவள் யாருக்கு உரியவள் என்னும் காதற்புதிர்களே அவற்றுள் பல. இக்கதைகளை 1870இல் ஆங்கிலத்தில் தந்த ரிச்சர்டு பர்ட்டன், வேதாளத்திற்கு இட்ட பெயர் 'வாம்பயர்' என்பதாகும். பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' வெளிவந்ததோ 1897இல். நம் முருங்கை மரத்துக்காரன் அப்பெயரோடு இலண்டனுக்குக் கப்பலேறி இருபத்தேழு ஆண்டுகள் கழித்தே டிராகுலா பிரபு அங்கே வந்திறங்கினார். யார் யாருக்கு அயல்?

இனிச் செயங்கொண்டாரிடம் வருவோம். முதற் குலோத்துங்கன் ஆட்சியில் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதைப் பாடும் பரணி, படைக்களத்தை உடனே காட்டுவதில்லை. கடவுள் வாழ்த்தை அடுத்து வருவது கடை திறப்பு. ஊடிய மகளிரைக் கதவு திறக்குமாறு விளிக்கும் காதற்பகுதி அது. அதன் பின்னரே பாலைக்காடும் காளி கோயிலும் பேய்க் கூட்டமும் வருகின்றன. பசியால் வற்றிய அப்பேய்கள் காளியிடம் முறையிடுவது ஊழியர் சங்கத்தார் மனுக் கொடுப்பது போலிருக்கும். இமயத்திலிருந்து வந்த முதுபேய் ஒன்று தான் கற்ற இந்திரசாலத்தால் குருதியும் நிணமும் இருப்பது போலக் காட்ட, பசித்த பேய்கள் பாய்ந்து வெறுங்கையை நக்கி ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. இறுதியில் போர்க்களத்தில் கூழ் அட்டுப் பந்தி வைக்கும்போது, பானையைத் தடவித் தேடும் குருட்டுப் பேய்க்கு கையிலேயே வார்க்கச் சொல்கிறார் புலவர்; கையால் சாடை காட்டும் ஊமைப் பேயையும், விருந்துக்கு வந்த பேயையும் அவர் மறப்பதில்லை. காதல், பேய், நகை என்னும் மூன்றும் கூடிய நூல் ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மிடம் இருந்தது. அதனைப் பாடமாக வைத்துப் பட்டம் அளிக்கின்றோம். பேத்தியின் பையில் அதன் தூரத்து உறவு இருந்தால் மட்டும் பறிமுதல் செய்கின்றோம்.

'அணங்கு' என்னும் சொல்லையே எண்ணுங்கள். வருத்தும் தெய்வத்திற்கும் அதுவே பெயர். வருத்தும் அழகிக்கும் அதுவே பெயர். காமத்துப்பாலின் முதல் அதிகாரம் தகையணங்குறுத்தல். தலைவியைக் கண்ட தலைவனுக்கு வள்ளுவர் தரும் முதல் ஐயமே இவள் அணங்கோ என்பதுதான். ஓநாய் மனிதனைக் கண்டு நெஞ்சம் நடுங்கியும் விலகாத ஆங்கிலப் புதினத்துப் பெண் இதனினும் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. காரைக்கால் அம்மையாரோ, அழகுடல் வேண்டா எனத் துறந்து பேயுருவை வேண்டிப் பெற்றுத் தம்மைப் பேய் என்றே பாடல்களில் கூறிக்கொண்டார். அவர் ஆடல் கண்ட திருவாலங்காட்டிற்கு அடுத்த பழையனூரிலேதான் கணவனாற் கொல்லப்பட்டுப் பழிவாங்கிய நீலியின் கதையும் வழங்குகிறது. பேயுருவில் ஒருத்தி அன்பைக் கண்டாள். மற்றொருத்தி நீதியைக் கண்டாள். இவ்விருவரையும் பெற்ற நாட்டார், பேய்க்கதை என்றவுடன் மூக்கைப் பொத்திக்கொள்வது முறையன்று.

பழந்தமிழ் நிற்க. நாம் குடியேறி வாழும் இவ்வூரையே பாருங்கள். மைசூர் என்னும் பெயரே மகிஷன் என்னும் எருமையசுரனிலிருந்து வந்தது. சங்க நூல்கள் கூறும் எருமையூரனை இவ்வூரோடு இயைத்துரைக்கும் அறிஞரும் உளர். ஊரிலிருந்து உறவினர் வந்தால் சாமுண்டி மலைக்கு அழைத்துச் சென்று, கையில் வாளும் பாம்பும் ஏந்தி நிற்கும் மகிஷாசுரன் சிலைமுன் நிழற்படம் எடுக்காமல் நாம் திரும்புவதில்லை. எருமையாகவும் மனிதனாகவும் உருமாறுபவன் பெயரை முகவரியில் எழுதிக்கொண்டு, ஓநாயாக உருமாறுபவனைக் கண்டு அஞ்சுவது என்ன நியாயம்?

1929இல் இம்மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் ஏ. கே. இராமானுஜன். வீட்டில் தாயோடு தமிழ், தெருவில் கன்னடம், மாடியில் தந்தையின் படிப்பறையில் ஆங்கிலம் என வளர்ந்தவர். 1967இல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்து உலகறியச் செய்தவரும் அவரே. கன்னட நாட்டுப்புறக் கதைகளைத் தேடித் தொகுத்தவரும் அவரே. அவர் வாயிலாகக் கேட்ட கதைகளைக் கொண்டே கிரீஷ் கர்னாட் 1988இல் 'நாகமண்டலம்' நாடகத்தைப் படைத்தார். மனைவியைப் பூட்டி வைத்துவிட்டுப் பரத்தையிடம் செல்லும் கணவன். கணவனை வசப்படுத்த அவள் காய்ச்சிய மருந்து புற்றில் ஊற்றப்பட, அதனைக் குடித்த நாகம் இரவுதோறும் கணவன் உருவில் வந்து அவளிடம் அன்பு செய்கிறது. ஊர் விளக்குகளின் சுடர்கள் எல்லாம் கோயிலில் கூடி வம்பளக்கும் வேடிக்கையும் அந்நாடகத்தில் உண்டு. பகலில் ஒரு முகம், இரவில் ஒரு முகம். பெரியவர் கைப்பற்றிய நூல்களின் கரு இதுவேயன்றி வேறு யாது?

யாதவகிரியில் இல்லம் கட்டி வாழ்ந்த ஆர். கே. நாராயணும் தமிழ்க் குடும்பத்தவரே. 1939இல் தம் மனைவி இராஜத்தைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். அத்துயரிலிருந்து 1945இல் பிறந்தது 'தி இங்கிலீஷ் டீச்சர்'. இறந்த மனைவியின் ஆவியோடு கணவன் தொடர்புகொண்டு மீண்டும் அன்பில் ஒன்றுவதே அதன் பிற்பகுதி. நகைச்சுவைக்குப் பேர்போன கை எழுதிய ஆவிக்காதல் அது! அவர் இல்லம் இன்று நினைவகமாக நிற்கிறது. நாம் விருந்தினரை அங்கும் அழைத்துச் செல்கின்றோம். அவர் எழுதியது என்ன என்று மட்டும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஈண்டு ஓர் உண்மை நம்மைச் சுடவேண்டும். மைசூர்த் தமிழ் வீடுகளில் வளர்ந்த இக்கற்பனைகளுள் ஒன்றேனும் தமிழில் எழுதப்பட்டதா? ஒன்று ஆங்கிலத்திற்குச் சென்றது. மற்றொன்று கன்னட மேடைக்குச் சென்றது. அவ்விரு மொழிகளின்மேல் நமக்குக் காழ்ப்பு இல்லை. சோறிட்ட நாட்டின் மொழி கன்னடம். ஊதியம் தரும் மொழி ஆங்கிலம். ஆயின் நம் பெண்கள் ஆங்கிலப் பேயைத் தேடி ஓடுவதற்குப் பொறுப்பு ஓநாயினுடையதன்று, நம்முடையது. 1947இல் தொடங்கி வேதாளத்தை வீடுதோறும் கொண்டுவந்த அம்புலிமாமா இன்று அச்சில் வருவதில்லை. பத்து அகவைக்குப் பாப்பாப் பாட்டு, நாற்பது அகவைக்குத் திருமுறை உரை என்று நம் நூலகம் இருக்கிறது. இடையில் பதினாறு அகவைக்கு என்ன வைத்துள்ளோம்? 'காஞ்சனை'யையும் 'வேதாளம் சொன்ன கதை'யையும் எழுதிய புதுமைப்பித்தனையாவது அவர்கள் கைக்கு எட்டும் தட்டில் வைத்தோமா?

இரண்டாம் குற்றச்சாட்டு, இந்நூல்கள் பெண்களின் மனத்தைக் கெடுக்கும் என்பது. 'ட்வைலைட்' வெளிவந்து இருபது ஆண்டுகள் கடந்தன. அதனைப் பள்ளிப் பருவத்தில் படித்த பெண்கள் இன்று வங்கியிலும் மருத்துவமனையிலும் பணியாற்றுகின்றனர். எவர் கழுத்திலும் பல் தடம் கண்டோமில்லை. நூல்களைத் திருப்பிக் கொடுக்கச் சென்றபோது, பெரியவர் இல்லாத வேளையில் அப்பேத்தியிடமே கேட்டோம்: "இதில் உனக்கு என்ன பிடிக்கிறது அம்மா?" அவள் சற்றே தயங்கி, "இதில் வருகிறவன் தான் ஓநாய் என்பதைக் கல்யாணத்திற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறான், மாமா" என்றாள்.

நாம் வாயடைத்து நின்றோம். சாதகப் பொருத்தம் பத்தும் பார்த்து, ஊதியமும் உறவும் விசாரித்துக் கட்டிவைத்த மாப்பிள்ளைகளுள் எத்தனை பேருக்குத் தாலி ஏறிய பின்னர்ப் பல் முளைத்தது என்பதை நம் குடும்பங்கள் அறியாதனவல்ல. அச்சத்தைச் சிரித்துக்கொண்டே ஒத்திகை பார்க்கும் களம் இக்கதைகள். கொடியவனையும் அன்பனையும் பிரித்தறிய ஓர் இளம்பெண் தனிமையில் நிகழ்த்தும் பயிற்சி இது. மற்றொரு காரணமும் உண்டு. அது குறிப்பாகப் புலம்பெயர்ந்த நமக்கு உரியது. பள்ளியில் ஆங்கிலமும், தெருவில் கன்னடமும், வீட்டில் தமிழும் பேசும் நம் பிள்ளைகள் நாள்தோறும் மும்முறை உருமாறுகின்றனர். ஊருக்குச் சென்றால் 'மைசூர்க்காரி', இங்கிருந்தால் 'தமிழ்க்காரி'. இரண்டு உலகிலும் கால் வைத்து, இரண்டிலும் முழுமையாக ஒப்பப்படாத உயிரின் கதையில் அவள் தன்னைக் காண்பதில் வியப்பென்ன?

அதற்காக இந்நூல்களை நாம் கோயிலில் வைத்துக் கும்பிடச் சொல்லவில்லை. ஏழனுள் நான்கு நூல்களின் நடை சத்தில்லாதது. முடிவு மூன்றாம் இயலிலேயே தெரிந்துவிடும். பொறாமையைக் காதல் என்றும், காவல் காப்பதை அன்பு என்றும் காட்டும் இடங்கள் பல. உறங்கும் பெண்ணை அவள் அறியாமல் இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பவனை 'ட்வைலைட்' காதலன் என்கிறது; நாம் அவனைக் காவல் நிலையத்திற்கு அனுப்புவோம். ஆயின் இவற்றை அப்பெண்ணோடு அமர்ந்து பேச வேண்டுமெனில், அவள் பையில் அந்நூல் இருக்கவேண்டும்; நாமும் அதனைப் படித்திருக்கவேண்டும். பறித்த நூலைப் பற்றி யார் நம்மிடம் வாய் திறப்பார்?

குழுவில் தலையசைத்த அன்பர்கள், 2011இல் வந்த 'காஞ்சனா'வைக் குடும்பத்தோடு திரையரங்கில் கண்டு வயிறு குலுங்கச் சிரித்தவர்களே. ஆண் பார்த்தால் பொழுதுபோக்கு, பெண் படித்தால் சீர்கேடு என்பது என்ன அளவுகோல்? பேய்ப் படங்களில் வேறொரு வேடிக்கையும் உண்டு. 1993இல் வந்த மலையாளப் படமான 'மணிச்சித்திரத்தாழ்' காட்டும் நாகவல்லி தஞ்சைத் தமிழச்சி. அதனை பி. வாசு 2004இல் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' என்றும் 2005இல் தமிழில் 'சந்திரமுகி' என்றும் எடுத்தபோது, பேய் தெலுங்கு பேசத் தொடங்கிவிட்டது! ஒவ்வொரு நாட்டாரும் தம் பேயை அயல்மொழிக்காரியாகவே கற்பனை செய்கின்றனர். அயலாராக வாழும் நாமும் அதே தவற்றைச் செய்து, நம் வீட்டுப் பிள்ளையின் கையிலுள்ள அயல்மொழி நூலைப் பேய் என்று ஓட்டலாமா?

கன்னட நாட்டில் வழங்கும் கதையொன்று உண்டு. இரவில் ஒரு பேய் உறவினர் குரலில் கதவைத் தட்டுமாம். கதவில் 'நாளே பா', அஃதாவது 'நாளை வா' என்று எழுதி வைத்தால், அதனைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகுமாம். மறுநாளும் வந்து படித்துவிட்டுத் திரும்புமாம். இக்கதையைக் கேட்கும்தோறும் நமக்குத் தோன்றுவது ஒன்றே: கன்னடப் பேய்க்குக்கூட எழுத்தறிவு இருக்கிறது, நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழில் 'நாளை வா' என்று எழுதவும் தெரியவில்லை!

பெரியவரின் பேத்திக்குத் தெரியும் என்பதே நம்மை வருத்தும் செய்தி. கண்பார்வை குன்றிய தாத்தாவிற்கு மாலைதோறும் தமிழ் நாளிதழ் வாசித்துக் காட்டியவள் அவளே. பை சோதனையிடப்பட்ட நாள்முதல் அவள் வாசிப்பதில்லை. கேட்டதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் விடை தருகிறாள். ஏழு ஆங்கில நூல்களைப் பறித்துத் தமிழைக் காத்ததாக எண்ணிய பெரியவர், வீட்டிலிருந்த ஒரே தமிழ்க் குரலை இழந்து நிற்கிறார். வேலன் ஆடி முடித்தான், மறியும் மாண்டது, மகளின் நோய் மட்டும் தீரவில்லை.

அன்று பரணியின் கூழ்ப் பந்தியை அவளுக்கு நாம் எடுத்துரைத்தோம். குருட்டுப் பேயின் கையில் கூழ் வார்த்த இடத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்து, "இந்தப் பேய்ப் புத்தகம் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டாள். நம் நூலகத்தில் இருக்கிறது என்று பெருமையோடு கூறிச் சென்று பார்த்தோம். கண்ணாடி அலமாரியில் இருந்தது, அலமாரி பூட்டியிருந்தது, திறவுகோல் யாரிடம் என்று எவருக்கும் தெரியவில்லை.

ஆதலின் நம் வேண்டுகோள் மூன்று. அத்தீர்மானத்தைக் கைவிடுக. புதுமைப்பித்தனையும், விக்கிரமாதித்தன் கதையையும், எளிய உரையோடு பரணியையும் இளைஞர் கைக்கெட்டும் தட்டில் வைத்து, ஆங்கிலக் காட்டேரிக்கும் அருகே ஓர் இடம் தருக. திங்களுக்கு ஒரு மாலை, பேரப் பிள்ளைகள் எந்த மொழியில் படித்த பேய்க்கதையாயினும் தாத்தா பாட்டியருக்குத் தமிழில் சொல்லட்டும். அடுத்த மலரில் அவர்கள் எழுதும் கதைகளுக்குப் பத்துப் பக்கம் ஒதுக்குவோம். அவர்தம் பேய் சாமுண்டி மலைப் படிகளில் உலாவட்டும், அசோகபுரத்து இரயில்வே பணிமனையில் இரவுப் பணி பார்க்கட்டும், தமிழில் காதலிக்கட்டும்.

செயங்கொண்டார் பேய்களைக் காட்டுமுன் கடை திறக்கச் சொன்னார். நாமும் முதலில் அந்த அலமாரியின் பூட்டை உடைப்போம். கூடத்தில் தாத்தா நாளிதழோடு காத்திருக்கிறார்.